தோணாவில் கிடைத்த விலா எலும்புகள்

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன மூன்றாம் நாள், தபால் கந்தோரில் முத்திரை விற்கும் எழுதுவினைஞர் எங்கள் வளவுக்குள் வந்து நின்றார். வேலி இருக்கவில்லை. படலை இருக்கவில்லை. விழுந்து கிடந்த தென்னைகள் மேல் ஏறி இறங்கி வந்திருந்தார். காலெல்லாம் கீறல். கையில் சாறன் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம்.

அதுவரை அவரைத் தபால் கந்தோரின் கம்பிக் கூண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு முகமாக மட்டும்தான் எனக்குத் தெரியும். எங்கள் முஸ்லிம் ஊருக்கு அடுத்த தமிழ் ஊரைச் சேர்ந்தவர். இரண்டு ஊருக்கும் நடுவே தோணா ஓடுகிறது. மாரியில் வயல் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும். மற்றக் காலங்களில் மணல் வாயை அடைத்துக்கொள்ள, உப்பும் சேறுமாய்த் தேங்கிக் கிடக்கும் ஓடை அது. புயல் இரவு கடல் அந்த வாயை உடைத்துக்கொண்டு உள்ளே ஏறி, இரண்டு கரையையும் ஆளுயரத்துக்கு அறுத்துவிட்டுப் போயிருந்தது. மாடுகள், மனிதர்கள், கதவுகள், தென்னங்குற்றிகள் எல்லாம் அதற்குள் கிடந்தன. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பறந்து வந்த கூரைத் தகரம் கழுத்தில் வெட்டி இறந்திருந்தார். அவரை அடக்கிவிட்டு வந்த என் கணவர் முற்றத்தில் குந்தியிருந்தார்.

"டீச்சர், நீங்க விலங்கியல் படிப்பிக்கிறீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே அவர் பொட்டலத்தை அவிழ்த்தார். "தம்பியக் காணல்ல. தோணாக் கரையில தோண்டிப் பாத்தன். இது கிடைச்சுது. இது என்ட தம்பிர விலாவா?"

மூன்று நாளில் ஓர் உடம்பு எலும்பாகாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த மூன்று நாளும் எங்கள் யாருடைய புத்தியும் அதன் இடத்தில் இல்லை.

வளைந்த நான்கு எலும்புகள். கரும்பழுப்பு நிறம். கையில் எடுத்தபோது பாரம் என் மணிக்கட்டை இழுத்தது. மனித விலாவைவிட மூன்று மடங்கு தடிப்பு. ஒன்று நடுவில் முறிந்திருந்தது; முறிந்த இடத்தில் துளை இல்லை, மச்சை என்கிற எலும்பு மஜ்ஜை தங்கும் பஞ்சு போன்ற பகுதி இல்லை, யானைத் தந்தம் போல் முழுக்க ஒரே இறுக்கம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கொழும்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இப்படிப்பட்ட விலாக்களோடு ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்திருந்தேன். தண்ணீருக்கு அடியில் நின்று புல் மேய்வதற்காக உடம்பில் பாரத்தைக் கட்டிக்கொண்டு பிறக்கும் பிராணி.

"இல்ல அண்ணன்," என்றேன். "இது கடற்பசு. ஆள் இல்ல. இது மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப் போனது. எத்தினையோ ஆயிரம் வருஷம் இரிக்கும்."

அவர் அந்த எலும்புகளைப் பார்த்தார். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்து, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் அழுதார். என் கணவர் எழுந்து போய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். மறுநாள் இரண்டு பேருமாகத் தேடி, கண்டல் புதருக்குள் ஒரு மரத்தின் கீழே நசிந்து கிடந்த தம்பியின் உடலை எடுத்தார்கள்.

அப்படித்தான் தொடங்கியது. என் கணவர் நீர்ப்பாசனப் பகுதியில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தார். தோணா வாயைத் துப்புரவாக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அறுபட்ட கரையில், நிலத்துக்கு ஆறடி கீழே, வெள்ளைச் சிப்பிகள் ஒரு வரிசையாக ஓடுவதை அவர் கண்டார். அதற்குள் கையளவு கற்கள். கழுவிப் பார்த்தால் கல்லுக்குள் ஒரு நண்டு, கால்களை மடக்கிக்கொண்டு. தபால்காரர் என்றே நாங்கள் சொல்லும் அந்த எழுதுவினைஞருக்குத் தகவல் போனது. அதற்குப் பிறகு ஏழு வருஷம், ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்றார்கள். பொழுது சாயும் நேரம் ஒரு சாக்கை என் குசினிக்குப் பின்னால் கொட்டிவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி என் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு பாடப் புத்தகங்கள் இருந்தன. மற்றதெல்லாம் மீன் சந்தையில் படித்தேன். நெளிவு நெளிவாய்க் கோடு போட்ட ஒரு தட்டைக் கல் என்னவென்று தெரியாமல் மாதக்கணக்காய் வைத்திருந்தேன். ஒரு நாள் திருக்கைத் தலை ஒன்றை வாங்கிச் சட்டியில் அவித்துத் தாடையைக் கழற்றிப் பார்த்தபோது அதே நெளிவு வெளியே வந்தது. அந்தச் சட்டியில் பிறகு யாரும் சமைக்கவில்லை. பழையதா புதியதா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைப்பேன். பழைய எலும்பு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கியூடெக்ஸ் நகப்பூச்சுப் பூசி, காய்ந்த பிறகு அதன் மேல் கறுப்பு மையால் எண் எழுதினேன். கொப்பியில் எண்ணுக்கு நேரே பெயர். முதலைப் பல் என்று இரண்டு வருஷம் எழுதி வைத்திருந்த ஒன்று, வேளா மீனின் வாள் மூக்கில் இருக்கும் பல் என்று பிறகு தெரிந்தது. வெட்டித் திருத்தினேன்.

சிநேகிதம் என்றால் அடிதடி இல்லாத சிநேகிதம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கொடுக்கும் முழுசாக இருந்த ஒரு கல் நண்டை யார் முதலில் கண்டது என்று தொடங்கி, என் கணவர் அவரைச் சேற்றில் தள்ளிவிட்டார். அவர் எழுந்து மண்வெட்டிப் பிடியால் என் கணவரின் முழங்காலில் போட்டார். ஒரு மாதம் கதை பேச்சில்லை. தபால் கந்தோருக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. கூண்டுக்குள் இருந்து, "முழங்கால் வீங்கிக் கிடக்கா டீச்சர்?" என்று கேட்டார். "வீங்கிக் கிடக்கு," என்றேன். அந்த ஞாயிறே வந்துவிட்டார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு வந்தபோது, சேர்த்தவற்றில் பாதி எங்கள் வீட்டிலும் பாதி அவர் வீட்டிலும் இருந்தன.

அந்த வருஷம் இரண்டு ஊருக்கும் இடையில் நெருப்பு எப்படிப் பிடித்தது என்று நான் எழுதப்போவதில்லை. யார் முதல் என்று கேட்டால் இன்றும் இரண்டு கரையிலும் இரண்டு பதில். சந்தைக்கு வந்த தமிழர் இருவர் வெட்டப்பட்டார்கள். எங்கள் ஆட்கள் வந்த வண்டில் மாட்டோடு எரிக்கப்பட்டது. தோணாப் பாலத்தில் டயர் எரிந்தது. பகலிலேயே இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்தன. எங்கள் முற்றத்தில் சாம்பல் விழுந்தது, யாருடைய வீட்டுச் சாம்பல் என்று தெரியாது. சிறுபோக வேலைக்கு மேற்கே வயல் வட்டைக்குப் போயிருந்த எங்கள் ஊர் ஆண்கள் மூன்று பேர் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருவரின் மகன் என்னிடம் உயர்தர வகுப்பில் படித்தவன். பரீட்சையில் இரண்டு பாடம் தவறி, வாப்பாவோடு வயலில் இறங்கியிருந்தான். கெட்டிக்காரன். தவளையை அறுக்கும்போது மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அவன் நரம்பைக் கிழிக்காமல் எடுப்பான்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் கத்தினாள்.

"டீச்சர்! ஒங்கட தபால்காரனச் சந்தியில போட்டு அடிக்கிறாங்க! சாக்கு நெறைய மனிச எலும்பாம்!"

சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு ஓடினேன். செருப்புப் போடவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அவருடைய ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். மனைவி பிள்ளைகளை முதல் நாளே தெற்கே தம்பிலுவிலில் மனைவியின் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தானும் புறப்பட வேண்டியவர், தன்னிடம் இருந்த எலும்புகளைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவோம் என்று வயல் வரம்பால் சுற்றி எங்கள் ஊர்ச் சந்திக்கு வந்திருக்கிறார். ஏழு வருஷமாக வந்த வழிதானே என்று நினைத்திருக்க வேண்டும்.

சந்தியில் நூறு பேர் இருப்பார்கள். சைக்கிள் மதகுக்குள் கிடந்தது. சாக்கு கிழிந்து எலும்புகள் தார் ரோட்டில் சிதறியிருந்தன. அவர் முழங்காலில் நின்றார். முகத்தில் எது கண், எது வாய் என்று தெரியவில்லை. என் மாணவன் அவருக்கு முன்னால் நின்று, கையில் இருந்ததை ஓங்கி அவருடைய தாடையில் அடித்தான். இரும்புக் குழாய் படும் சத்தம். அவன் மறுபடி ஓங்கியபோது அது என்னவென்று கண்டேன். கடற்பசுவின் விலா. அதில் என்னுடைய எழுத்தில் முப்பத்தொன்று என்று எண் இருந்தது.

"நிப்பாட்டுடா!"

அவன் கை அப்படியே நின்றது. வகுப்பில் நின்ற மாதிரி.

"டீச்சர், நீங்க போங்க. இது பொம்புளையள் நிக்கிற எடமில்ல."

"கையில வெச்சிருக்கிறது என்னெண்டு தெரியுமா ஒனக்கு?"

"என்ட வாப்பாட எலும்பு," என்றான். "இவன் எங்கட ஆக்கள்ர எலும்பச் சாக்கில கட்டிக் கொண்டு போறான்."

"ஒன்ட வாப்பா வட்டைக்குப் போய் ரெண்டு நாள். ரெண்டு நாளில ஆள் இப்பிடிக் கறுத்துக் கல்லாகுமா? இதில நம்பர் எழுதினது நான். பார்."

கீழே கிடந்த இன்னொரு விலாவை எடுத்து மதகுக் கட்டில் அடித்தேன். மூன்றாவது அடியில்தான் உடைந்தது. என் உள்ளங்கை கிழிந்தது. உடைந்த முனையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மனிச விலாவுக்குள்ள என்ன இரிக்கும்? படிப்பிச்சன். சொல்லு."

"மச்சை," என்றான் மெதுவாக.

"இதுக்குள்ள மச்சை இரிக்கா?"

அவன் உற்றுப் பார்த்தான். "இல்ல."

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பின்னால் இருந்து ஒருவர், நடுத்தர வயது, மரியாதையான குரல், நிதானமாகச் சொன்னார்:

"டீச்சர், எலும்பு ஆர்ர எண்டா எங்களுக்கு என்ன? இவன் ஆரெண்டு தெரியும்தானே."

அது போதுமாக இருந்தது. பின்னால் நின்ற ஒருவன் தபால்காரரின் முதுகில் உதைத்தான். அவர் முகம் குப்புற விழுந்தார். பொல்லுகள் இறங்கின. என் மாணவனும் அடித்தான். இந்த முறை கையில் இருப்பது எது, அடிபடுவது யார் என்று தெரிந்துகொண்டே அடித்தான். நான் ஒரு கையைப் பிடித்தேன். யாரோ என்னை இழுத்துக் கடை வாசலில் தள்ளிவிட்டார்கள்.

என் கணவர் எந்தப் பக்கத்தால் வந்தார் என்று தெரியாது. கூட்டத்துக்குள் புகுந்து, தபால்காரரின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டு கையாலும் அவருடைய தலையை மூடினார். ஏற்கெனவே ஓங்கியிருந்த அடிகள் அவர் மேல் விழுந்தன. வலது தோளில் விழுந்த ஒன்றின் சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த மட்டை முறிவது போல. அது மச்சை உள்ள எலும்பின் சத்தம்.

"ஓவசியர்டா! ஓவசியர்ர மேல படுது!"

அப்போதுதான் விட்டார்கள். வெட்கத்தால் அல்ல. எங்கள் ஆள் ஒருவரை அடித்துவிட்ட பயத்தால். பள்ளிவாசல் பக்கமிருந்து பெரியவர்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கூட்டம் கலைந்தது.

ஒரு கதவுப் பலகையில் தபால்காரரைத் தூக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தடை. எங்கள் ஒழுங்கையில் இருந்த உதவி வைத்தியரான அப்போத்திக்கரி வந்து, மயக்க மருந்தில்லாமல் இருபது தையல் போட்டார். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இடது கண்ணைப் பார்த்துவிட்டு அவர் என்னை வெளியே கூப்பிட்டு, "அது போயிட்டு," என்றார்.

அவரை வைத்திருக்கிறோம் என்று அன்று பின்னேரமே வீட்டுக்குக் கல் விழத் தொடங்கியது. புயலுக்குப் பிறகு போட்ட ஓடுகள் உடைந்தன. பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தேன். என் கணவர் கட்டுப்போட்ட தோளோடு முன் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். மறுநாள் தபால்காரர் வீங்கிய வாயால் ஏதோ கேட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சாக்கு எங்க டீச்சர்?"

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "மனிசனுக்கு மண்டைக்குள்ள ஒண்டுமில்லையா?" என்று கத்தினேன். "ஊர் பத்தியெரியக்குள்ள எலும்பத் தூக்கிட்டு வாறதா? கல்லு அது! செத்துப்போன கல்லு! அதக் கொளுத்தினாலும் எரியாது, ஒங்கட வீட்டில கிடந்தா ஒண்டும் ஆகியிரிக்காது!" அவர் கட்டுக்குள் இருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். அடுத்த அறையில் போய் நின்று அழுதேன். அவர் தாடையில் இறங்கியது நான் எண் போட்ட எலும்பு என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, மீன் வள்ளம் வைத்திருந்த என் மச்சான் அவரை வலைகளுக்கு அடியில் படுக்க வைத்துக் கடலால் தெற்கே கொண்டுபோய்த் தம்பிலுவில் கரையில் இறக்கினார். எங்கள் ஊரில் அதற்காக என் மச்சானோடு பலர் பல மாதம் கதைக்கவில்லை.

காணாமல் போன மூன்று பேரில் இரண்டு பேர் ஒன்பதாம் நாள் நடந்தே வந்து சேர்ந்தார்கள், காட்டோரம் ஒளிந்திருந்தார்களாம். என் மாணவனின் வாப்பா வரவில்லை.

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கிய காலம், ஒரு பின்னேரம் அவனும் அவன் உம்மாவும் வந்தார்கள். அவன் கையில் ஓர் உரப் பை. உள்ளே வராமல் வாசலில் நின்றான். வட்டை வாய்க்கால் கட்டில் உழவு மெசின் கிளப்பிய எலும்புகளாம்.

"பொலிசுக்குக் குடுத்தா எப்ப தருவாங்களோ தெரியா," என்றாள் உம்மா. "நீங்க எலும்பு பாப்பீங்களாம். செல்லுங்க டீச்சர். இது மாடா, மனிசனா?"

பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மனிதன் என்று முதலாவதிலேயே தெரிந்துவிட்டது. இடுப்பெலும்பு ஒடுக்கம், ஆண். பற்களில் வெற்றிலைக் கறை. மண்டையோட்டின் பின்பக்கம் நீளமாக, ஓரம் கூராக ஒரு வெட்டு இருந்தது. அந்தப் பக்கத்தைப் பாயைப் பார்க்க வைத்தேன். வலது கெண்டைக்காலின் பெரிய எலும்பைத் தடவியபோது நடுவில் ஒரு முண்டு விரலில் பட்டது. உடைந்து, கோணலாகப் பொருந்தி, ஆறி, பல வருஷம் நடந்த கால்.

"வாப்பாக்குக் காலில எப்பயாவது அடி பட்டதா?"

"உழவு மெசின்ட இழுவைப் பெட்டி ஏறினது," என்றான் வாசலில் நின்றபடியே. "வலது கால். நான் அப்ப சின்னப் புள்ள."

அடுத்த அறையில் என் கணவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். தோள் சரியாகப் பொருந்தவில்லை; சட்டை போட நான்தான் உதவ வேண்டும், கூப்பிட மாட்டார், தானே முனகிக்கொண்டு இழுபடுவார். அந்த முனகல் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. மாட்டெலும்பு என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அது இரக்கத்தால் வந்த நினைப்பல்ல. இவன் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு நாளும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று வந்த நினைப்பு. இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

"ஓம்," என்றேன் அந்தப் பெண்ணிடம். "இது ஒங்கட மனிசன்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். நான் அசையவில்லை. மூன்றாவது முறை ஓங்கிய கை என் தோளில் விழுந்து, என்னைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ்" என்று அலறினாள்.

அவன் உள்ளே வந்து மண்டையோட்டை எடுத்தான். திருப்பினான். வெட்டைப் பார்த்தான். என்னிடம் படித்தவன், நான் மறைத்து வைத்ததைக் கண்டுபிடிக்க அவனுக்கு நேரமெடுக்கவில்லை.

"ஆர் அடிச்சதெண்டு எலும்பில தெரியுமா டீச்சர்?"

"எதால அடிச்சதெண்டு தெரியும். ஆர் அடிச்சதெண்டு தெரியா."

மண்டையோட்டை மெல்லப் பாயில் வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடி, தென்னையைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். வெகுநேரம் குனிந்தே நின்றான். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அந்த ஆள் உசிரோட இரிக்காரா?"

"இரிக்கார். ஒரு கண் இல்ல."

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா தொழுது மையவாடியில் அடக்கினார்கள். தோள் அப்படி இருந்தும் என் கணவர் போனார். சந்தூக்குப் பெட்டியைத் தொடவில்லை; கூடவே நடந்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் அவன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், பஸ்ஸில் இறங்கித் தபால்காரர் வந்தார். கறுப்புக் கண்ணாடி. கையில் தயிர் முட்டி. தெற்கே மாற்றலாகி, வேலையில்தான் இருந்தார். என் கணவர் வாசலுக்கு எழுந்து போனார். "முழங்கால் எப்பிடி மச்சான்?" என்று தபால்காரர் கேட்டார். "முழங்கால் நல்லம். தோள்தான்," என்றார் என் கணவர்.

சோறு போட்டேன். சாப்பிடும்போது தலை நிமிராமல் கேட்டார்: "டீச்சர், அண்டைக்கு அந்த விலாவால அடிச்ச பொடியன் ஆரெண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியா அண்ணன்," என்றேன். "எல்லாரும் ஒண்டா நிண்டாங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். தாடை ஒரு பக்கமாகத்தான் அசைந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். "அவனுக்குப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பிக் குடுத்தது நான். கூண்டுக்கு முன்னால நிண்டு, எழுத்துப் பிழை வந்திராம எழுதுங்க சேர் எண்டவன். அடிக்கக்குள்ளயும் அந்த முகம்தான்." ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அவன்ட வாப்பா கிடைச்சதாம். நீங்கதான் பாத்துச் சொன்னீங்களாம்."

"ஓம்."

"நல்லம் டீச்சர். எனக்குத் தம்பி நாலாம் நாள் கிடைச்சான். கிடைக்காட்டி என்ன ஆகியிருப்பன் எண்டு தெரியா."

என் கணவருக்கு வலது கையை நெஞ்சுக்கு மேல் தூக்க ஏலாது. கறிச்சட்டி தூரத்தில் இருந்தது. தபால்காரர் எட்டி அதை எடுத்து அவருடைய சோற்றுக் கோப்பையில் ஊற்றினார். ஊற்றியது அளவில் கூடிப்போய்ப் பாயில் வழிந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் துணி எடுக்க உள்ளே போனேன்.

நாலு மணி பஸ்ஸில் அவர் போனார்.